கரையான்சாவடி டு கோஹிமா... 82 வயதில் ஆயாவுக்குக் கிடைத்த அப்பாவின் தேதி!

கரையான்சாவடி சிக்னலில் நின்று பார்த்தால், சென்னையின் மேற்கு எப்படி மாறிக்கொண்டிருக்கிறது என்று ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். தலைக்கு மேலே மெட்ரோ பாதை, அதன் தூண்களுக்கு நடுவே நெளிந்து போகும் ஷேர் ஆட்டோக்கள், 'ஆவடி... ஆவடி...' என்று கூவும் குரல்கள். ஒரு பக்கம் பூந்தமல்லி, இன்னொரு பக்கம் போரூர், வடக்கே திரும்பினால் ஆவடி.

நான் பிறந்து வளர்ந்தது இங்கேதான். ஆனால், இந்தச் சாலைகளுக்கு ஒரு ராணுவ முகம் இருப்பது போன வருடம்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குக் காரணம் என் ஆயா. அம்மாவைப் பெற்றவர். வயது 82.

"எங்க நைனா மிலிட்டரிக்குப் போனப்ப நான் தொட்டில்ல கெடந்தேன்னு அம்மா சொல்லும். போனவரு வரவே இல்ல. பர்மா சண்டையில பூட்டாருன்னு தந்தி வந்துச்சாம். எந்த மாசம், எந்த நாளு... ஒண்ணும் தெரியாது கண்ணு."

இது எங்கள் வீட்டில் எல்லோரும் நூறு முறை கேட்ட கதை. ஒவ்வொரு மகாளய அமாவாசைக்கும் மாமா திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் குளக்கரைக்குப் போய், மகள் வயிற்றுப் பேரனாகத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வருவார். இறந்த திதி தெரியாதவர்களுக்கு அந்த நாள்தான். போன வருடம் மாமா திரும்பி வந்ததும் ஆயா என்னிடம் கேட்டார். "நீ பத்திரிகையிலதானே வேலை பாக்குற? ஊரு உலகத்துச் சேதியெல்லாம் போடுற. எங்க நைனா செத்த நாளு என்னான்னு பாத்துச் சொல்ல மாட்டியா?"

பதில் சொல்ல முடியவில்லை. தேட ஆரம்பித்தேன்.

கரையான் தின்றது போக...

ஆயாவின் டிரங்குப் பெட்டியில் அவருடைய அம்மாவின் பென்ஷன் புத்தகம் இருந்தது. ஊர்ப் பெயருக்கு ஏற்றாற்போல் பாதியைக் கரையான் தின்றிருந்தது. மிஞ்சியது ஒரு கிழிசல். அதில் ராணுவ எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களும், 'பயனியர்' என்ற ஆங்கிலச் சொல்லும் மட்டும் தெரிந்தன.

பயனியர் படை என்பது முன்னால் நின்று சுடும் படை அல்ல. சாலை போடுவது, பாலத்துக்கு மண் கொட்டுவது, வெடிபொருள் மூட்டைகளை இறக்குவது என உடல் உழைப்பு முழுக்க அவர்கள் தலையில்தான். இரண்டாம் உலகப் போர் முடியும்போது இந்திய ராணுவத்தில் சுமார் 25 லட்சம் பேர் இருந்தார்கள். கட்டாய ஆள்சேர்ப்பு இல்லை. சம்பளத்துக்காகவும் சாப்பாட்டுக்காகவும் சேர்ந்தவர்களே அதில் ஏராளம். சுமார் 87,000 பேர் திரும்பி வரவில்லை.

அந்தக் காலத்து மெட்ராஸின் நிலைமையும் சாதாரணமாக இல்லை. 1942 ஏப்ரலில் கொழும்பு, விசாகப்பட்டினம், காக்கிநாடா மீது ஜப்பான் குண்டு வீசியதும், 'அடுத்தது மெட்ராஸ்தான்' என்று பயந்து மக்கள் கூட்டம் கூட்டமாக நகரைக் காலி செய்தார்கள். ஊர் ஓடிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில்தான், எங்கள் கொள்ளுத்தாத்தா மாதிரி ஆட்கள் எதிர்த்திசையில் சண்டைக்குப் போனார்கள்.

நந்தம்பாக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

முதலில் ஆயாவைக் கூட்டிக்கொண்டு போன இடம், நந்தம்பாக்கத்தில் இருக்கும் மெட்ராஸ் போர்க் கல்லறை. கரையான்சாவடியில் பஸ் ஏறினால் குமணன்சாவடி, காட்டுப்பாக்கம், ஐயப்பன்தாங்கல், போரூர், ராமாபுரம் தாண்டி ஒரே சாலைதான். இதற்கு மவுன்ட் - பூந்தமல்லி சாலை என்று பெயர். பிரிட்டிஷ் காலத்தில் பூந்தமல்லியிலும் ராணுவ முகாம், பரங்கிமலையிலும் ராணுவ முகாம். இரண்டையும் இணைக்கும் சாலை இது. பரங்கிமலையில் இன்றும் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி இருக்கிறது. இந்தப் பக்கம் ஆவடியில் டாங்க் செய்யும் தொழிற்சாலை. நாம் தினமும் டிராஃபிக்கில் திட்டிக்கொண்டே போகும் வழி, தலைமுறை தலைமுறையாகச் சிப்பாய்கள் போன வழி.

கேட்டைத் தாண்டியதும் சாலைச் சத்தம் குறைந்துவிட்டது. வெட்டிவிட்ட புல்வெளி, வரிசை வரிசையாக ஒரே அளவில் கற்கள். தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் ஆங்காங்கே புதைக்கப்பட்டிருந்த இரண்டாம் உலகப் போர் வீரர்களின் கல்லறைகளைப் பராமரிக்க, ஒரே இடத்தில் கொண்டுவந்து அமைத்தது இந்த இடம். 856 பேர் இங்கே இருக்கிறார்கள். பின்பக்கம், முதல் உலகப் போரில் இறந்த 1,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் பொறித்த நினைவுச் சின்னமும் இருக்கிறது.

ஆயா ஒவ்வொரு கல்லாகத் தொட்டுக்கொண்டே வந்தார். எழுத்து தெரியாது. ஆனாலும் ஒரு கல்லையும் விடவில்லை. கடைசியில், "இதுல எங்க நைனா எது?" என்றார்.

"இங்க இல்ல ஆயா" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பஸ்ஸில் வரும்போது ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "யாராச்சும் கொள்ளி வெச்சிருப்பாங்களா?"

80 வருடங்களாக அவர் மனதில் இருந்த கேள்வி திதி மட்டுமல்ல என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பெயரை விடுங்கள்... ஊரைப் பிடியுங்கள்!

நந்தம்பாக்கம் கல்லறையைப் பராமரிப்பது காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம். இரண்டு உலகப் போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேரின் விவரங்களை இணையத்தில் வைத்திருக்கிறார்கள். தேடுவதற்குக் காசு இல்லை. கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. தமிழ்ப் பெயரை அன்றைய குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். ஒரு 'முனுசாமி'யையே நாலைந்து விதமாக எழுதலாம். இனிஷியலும் இருக்காது.

இரண்டு வாரம் இரவு ஷிஃப்ட் முடிந்த பிறகு உட்கார்ந்து தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. அப்புறம்தான் கவனித்தேன். பல இந்திய வீரர்களின் பதிவில் கூடுதல் தகவலாக 'இன்னார் மகன், இன்னார் கணவர், இன்ன ஊர், இன்ன மாவட்டம்' என்று ஒரு வரி இருக்கிறது. பெயரை விட்டுவிட்டு, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலையும் 'பயனியர்' படையையும் வைத்து வடிகட்டினேன். ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தபோது ஒரு பதிவில் பூந்தமல்லி இருந்தது. எண்ணைப் பார்த்தேன். கடைசி நான்கு இலக்கங்கள், கிழிசலில் இருந்த அதே நான்கு.

1944 மே மாதம், இரண்டாவது வாரம். இடம், கோஹிமா தகன நினைவுச் சின்னம்.

நாகாலாந்தின் கோஹிமாவில் 1944 ஏப்ரல் 4 முதல் ஜூன் 22 வரை நடந்த சண்டைதான், இந்தியாவுக்குள் நுழைந்த ஜப்பான் படையைத் திருப்பி அனுப்பியது. அங்கே உள்ள போர்க் கல்லறையின் உச்சியில் இருக்கிறது அந்தத் தகன நினைவுச் சின்னம். அவரவர் மத வழக்கப்படி தீக்கு ஒப்படைக்கப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேருக்கானது.

மறுநாள் காலை ஆயாவை உட்காரவைத்து வரி வரியாகத் தமிழில் படித்துக் காட்டினேன். தேதி வந்தபோது தலையாட்டினார். 'தகனம்' என்றதும், "அப்ப கொள்ளி வெச்சிருக்காங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். 'இன்னார் கணவர்' என்ற இடத்தில் அவருடைய அம்மா பெயரைப் படித்தேன். அதற்குத்தான் அழுதார்.

"கைநாட்டு வெச்சு பென்ஷன் வாங்கினவ. எங்க அம்மா பேரையும் போட்டிருக்கானா?"

நீங்களும் தேடலாம்

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், முதலில் ராணுவ எண்ணைத் தேடுங்கள். பென்ஷன் தாள், டிஸ்சார்ஜ் புத்தகம், பதக்கத்தின் விளிம்பு என எங்காவது பதிந்திருக்கலாம். போரில் இறந்தவர் என்றால் ஆணையத்தின் இணையதளம் இருக்கிறது. உயிரோடு திரும்பி வந்து பிறகு காலமானவர் என்றால், அவர் இருந்த படையின் ஆவண அலுவலகத்துக்குத்தான் எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு நீலகிரி வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூரு. எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

மாமா பழைய பஞ்சாங்கம் வைத்திருக்கும் ஐயரிடம் அந்தத் தேதியைக் கொடுத்தார். சித்திரைக் கடைசி, தேய்பிறை என்று திதியைக் குறித்துக் கொடுத்தார் அவர். இனி திருவள்ளூருக்கு வருடத்தில் இரண்டு முறை போக வேண்டும்.

காலண்டரில் அந்த நாளைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போடச் சொன்னார் ஆயா. போட்டேன். தினமும் காலண்டர் பக்கம் போகும்போது, அந்த வட்டத்தை ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் காபி குடிக்க வருகிறார்.