76 துடிப்புகள்

ஐம்பதைக் கடந்த போதகன் 1977-இல் வெளிவந்த அட்டாரி 2600 கருவிக்கு விளையாட்டு எழுதக் கற்கிறான் என்றால் நகைப்பீர்கள். என் மகன் என்னோடு பேசுவதை ஏறக்குறைய நிறுத்தியிருந்தான். அவன் நாட்டம் இதிலென்று அறிந்தே தொடங்கினேன்.

அக்கருவியின் நினைவகம் 128 பைட்டுகளே. முழுத் திரையையும் சேமிக்க இடமில்லை. தொலைக்காட்சி ஒவ்வொரு கோடாக வரைகையில், அந்தந்தக் கோட்டுக்குரியதை நிரல் உடனுக்குடன் அளிக்க வேண்டும். ஒரு கோட்டுக்குச் செயலி பெறுவது 76 துடிப்புகள். மிக எளிய கட்டளைக்கும் இரண்டு செலவாகும். மிஞ்சினால் படம் குலையும். என்னுடையது மூன்று வாரம் குலைந்தது. (நேரம் மிஞ்சுவது என் பிரசங்கங்களுக்கும் புதிதல்ல.)

செவ்வாய் இரவு அவனையே அழைத்துக் கேட்டேன்.

"அப்பா, அந்தக் கணக்கைத் திரை வரையாத இடைவெளிக்கு மாத்துங்க."

மாற்றினேன். சிறு சதுரமொன்று நடுங்காமல் நின்றது. அவன் இன்னும் அழைப்பைத் துண்டிக்கவில்லை.