கடலோரத்தில் ஒரு மனாரா



சித்திரையும் வைகாசியும் காவிரிப் படுகையில் எத்தகைய மாதங்கள் என்பதை நீங்கள் நன்கறிவீர்கள். அறுவடை முடிந்த வயல்கள் வெடித்துக் கிடக்கும். ஆறுகளில் மணலே மிஞ்சியிருக்கும். மேட்டூர் நீர் வந்து சேரும்வரை தஞ்சைத் தரணி அனலாய்த் தகிக்கும். இவ்வெப்பத்திற்கு அரண்மனையும் விலக்கன்று. தஞ்சைக் கோட்டைக்குள் வாழ்ந்த மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜியின் குடும்பத்தார் கடற்காற்றை நாடி வந்து தங்கிய இடமே மனோரா. நம்மில் பலர் அதனைப் பார்த்திருக்கிறோம். ஆனால் அது நமக்கு என்ன சொல்கிறது என்பதைக் கேட்டிருக்கிறோமா?

தஞ்சையிலிருந்து ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வழியாக ஏறத்தாழ 65 கிலோமீட்டர் சென்றால் மல்லிப்பட்டினம் வரும். அதனை அடுத்துள்ள சரபேந்திரராஜன்பட்டினம் மன்னரின் பெயரையே தாங்கி நிற்கும் ஊர். அங்கே, கடலுக்கு எதிரே, மதிலும் அகழியும் சூழ எட்டு அடுக்குகளோடு உயர்ந்து நிற்கிறது அக்கோபுரம். உயரம் சுமார் 75 அடி. வடிவம் அறுகோணம். சுவர்களில் வளைவான சாளரங்கள்; உள்ளே சுழன்று ஏறும் படிகள்; ஓர் அடுக்கையும் அடுத்த அடுக்கையும் பிரித்துக் காட்டும், வெளியே நீண்ட அறுகோண விளிம்புகள்.

இவ்வமைப்பை வெறும் அழகு என்று எண்ணிவிட வேண்டாம். ஆறு பக்கங்கள் இருப்பதால், எத்திசையிலிருந்து காற்று வீசினாலும் ஏதேனும் ஒரு சாளரம் அதனை எதிர்கொள்ளும். உச்சி வெயிலில் அவ்விளிம்புகள் கீழே உள்ள சாளரங்களுக்கு நிழல் தரும். மின்விசிறி அறியாத காலத்தில் நம் கொத்தனார்கள் காற்றையும் நிழலையும் கணக்கிட்டுக் கட்டிய திறம் இது. கோடையில் அரச குடும்பத்தாருக்கு ஓய்விடமாக இருந்த இக்கோபுரம், கடலில் செல்வோருக்குக் கலங்கரை விளக்கமாகவும் பயன்பட்டது.

ஆயினும் கட்டியதன் நோக்கமாகக் கல்வெட்டு கூறுவது கோடை ஓய்வை அன்று. ஒரு போர் வெற்றியை! ஆங்கிலேயப் படைகள் பெற்ற வெற்றிகளையும் பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியனின் வீழ்ச்சியையும் நினைவுகூர, ஆங்கிலேயரின் நண்பரான தஞ்சை மன்னர் இதனை எழுப்பினார் என்பது அதன் செய்தி. ஐந்து மொழிகளில் அதனைப் பொறித்து வைத்தார்கள்.

இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். சரபோஜி அரியணை ஏறியது 1798-இல். அடுத்த ஆண்டே, 1799-இல், ஓர் உடன்படிக்கையின் மூலம் தஞ்சை நாட்டின் ஆட்சி முழுவதும் கிழக்கிந்தியக் கும்பெனியின் கைக்குப் போயிற்று. மன்னருக்கு மிஞ்சியவை தஞ்சைக் கோட்டையும் அதன் சுற்றுப்புறமும், வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும், ஆண்டுதோறும் ஒரு குறிப்பிட்ட தொகையும் மட்டுமே. ஆக, தம் ஆட்சி செல்லாத ஒரு கடற்கரையில், தாம் போரிடாத ஒரு போருக்காக, தம் நாட்டை எடுத்துக்கொண்டவர்களைப் புகழ்ந்து அவர் இக்கோபுரத்தை எழுப்பினார். ஒரு மன்னனின் நிலை இதைவிட இரங்கத்தக்கதாக இருக்க முடியுமா?

இன்னொரு செய்தியும் உண்டு. வாட்டர்லூ போர் வெற்றியின் நினைவாக மனோரா கட்டப்பட்டது என்றே பலரும் சொல்கிறார்கள், எழுதவும் செய்கிறார்கள். ஆனால் கல்வெட்டில் காணப்படும் ஆண்டு 1814. வாட்டர்லூ போர் நடந்ததோ 1815 ஜூன் 18-இல்! நெப்போலியன் முதன்முறையாக முடிதுறந்து எல்பா தீவுக்கு அனுப்பப்பட்ட ஆண்டுதான் 1814. மறு ஆண்டு மார்ச்சிலேயே அவர் பாரிஸுக்குத் திரும்பி மீண்டும் ஆட்சியில் அமர்ந்தார். வீழ்ந்துவிட்டார் என்று கல் சொன்னவர் மீண்டும் எழுந்தார். பின்னரே வாட்டர்லூவில் வீழ்ந்தார். உலக வெற்றிகளைக் கல்லில் எழுதி நிலைநிறுத்த முனைவோருக்கு இதனைவிடப் பாடம் வேறு வேண்டுமோ?

மத்ரஸாவில் அரபுச் சொற்களின் வேர்களைக் கற்பித்துக் கொண்டிருந்தபோது ஒரு மாணவர் கேட்டார்: "உஸ்தாத், மனாரா என்கிறீர்களே, அது நம் மனோராதானா?" அக்கேள்வி என்னை மகிழ்வித்தது. ஆம், அதுவேதான். 'நூர்' என்றால் ஒளி. அவ்வேரிலிருந்து பிறந்த 'மனாரா' என்பதற்கு ஒளி தரும் இடம் என்பது பொருள். பாங்கு ஒலிக்கும் மினாராவும் அதே சொல்தான். அதுவே மக்கள் வாயில் மனோரா ஆயிற்று. மன்னர் கருதியது வெற்றித் தூண். மக்கள் கண்டது விளக்குக் கோபுரம். இருநூறு ஆண்டுகளுக்குப் பின் எப்பெயர் நிற்கிறது என்பதை நீங்களே பாருங்கள்.

மினாரா தஞ்சை மராட்டியருக்குப் புதிதன்று. நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களில் மிக உயர்ந்ததாகிய 131 அடி மினாராவை எழுப்பியவர் மன்னர் பிரதாப்சிங். அவருடைய மகன் துளஜாவின் சுவீகாரப் புதல்வரே சரபோஜி. ஆக, பேரன் எழுப்பிய கோபுரத்திற்கு, பாட்டனார் தர்காவுக்கு எழுப்பியதன் பெயரையே மக்கள் சூட்டிவிட்டார்கள். மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்டவர்கள் இம்மண்ணில் எவ்வளவு நெருங்கி வாழ்ந்தார்கள் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

சரபோஜிக்கு நீதி செய்ய வேண்டுமானால் இதனையும் சொல்ல வேண்டும். ஆட்சியை இழந்த அவர் அறிவை இழக்கவில்லை. சரஸ்வதி மகால் நூலகத்திற்கு ஆயிரக்கணக்கான நூல்களைத் தேடிச் சேர்த்தார். அரண்மனையிலேயே அச்சகம் நிறுவினார். ஒரத்தநாட்டில் அவர் கட்டிய முத்தம்பாள் சத்திரம் வழிப்போக்கர்களுக்கு உணவும் மாணவர்களுக்குக் கல்வியும் அளித்தது. 1832-இல் அவர் மறைந்தார். அவருடைய மகன் இரண்டாம் சிவாஜி 1855-இல் ஆண் வாரிசின்றி இறந்ததும் அரசின் பெயரும் கும்பெனியால் துடைக்கப்பட்டது. ஆனால் நூலகம் இன்றும் ஒளி தருகிறது. அவர் எழுப்பிய உண்மையான மனாரா அதுவே என்பேன்.

2004 டிசம்பர் 26-இல் வந்த ஆழிப்பேரலை மனோராவையும் சிதைத்தது, பின்னர் பழுதுபார்க்கப்பட்டது. பேரலைக்குத் தாங்கிய சுவர்கள் நம் கைகளுக்கும் தாங்க வேண்டும் அல்லவா? சுவரில் ஆணியால் தம் பெயரைக் கீறிச் செல்வோரை நாம் காண்கிறோம். மன்னர் பொறித்த பெருமையே பொருளிழந்து நிற்கும் இடத்தில் நம் கீறல் எம்மாத்திரம்?

விடுமுறையில் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். கடற்காற்று வாங்கட்டும், விளையாடட்டும். பிறகு அக்கல்வெட்டைப் படித்துக் காட்டுங்கள். ஆண்டு என்ன என்று அவர்களையே கேளுங்கள். பிறர் சொன்னதை அப்படியே நம்பாமல், கல்லில் உள்ளதைத் தாமே படித்தறியும் பழக்கம் ஒரு பிள்ளைக்கு வாய்த்தாலும் போதும். அப்பயணம் பயனுள்ளதாகும்.