நாற்பத்தெட்டு வோல்ட்டும் ஒரு மேடும்

மின்சாரத்தால் ஓடும் மோட்டார் வண்டிகளைப் பற்றி இன்று பேசாதார் இல்லை. ஆயினும் பெங்களூரில் குடியேறி வாழும் நம்மவர்க்கு இது முற்றிலும் புதிய சங்கதி அன்று. 2001-ஆம் ஆண்டிலேயே ‘ரேவா’ என்ற சின்னஞ்சிறு மின்சாரக் கார் இவ்வூரில் பிறந்து இவ்வூர்த் தெருக்களில் ஓடத் தொடங்கிவிட்டது. பிறகு கடல் கடந்து சென்று, லண்டன் மாநகரில் ‘ஜி-விஸ்’ என்ற பெயரோடு உலவியது. 2010-இல் அந்தக் கம்பெனியின் பெரும்பங்கு மகீந்திரா நிறுவனத்தார் கைக்கு மாறிற்று. சில ஆண்டுகளில் அந்த வண்டியின் உற்பத்தியும் நின்றுபோயிற்று. ஆனால் பிறந்த வண்டிகள் எல்லாம் மறைந்துவிடவில்லை. அவற்றுள் ஒன்று மல்லேசுவரத்தில் எங்கள் வீட்டு வாயிலில் இன்றும் நிற்கிறது.

எங்கள் தகப்பனார் தஞ்சை மாவட்டத்திலிருந்து 1969-இல் இவ்வூருக்கு வந்து, அரசினர் தொழிற்சாலை ஒன்றில் கடைசல் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குச் சற்று முன்னால், 2005-இல், அவர் வாங்கிய வண்டி அது. முன்னால் இருவர், பின்னால் இரண்டு குழந்தைகள் அமரலாம். கியர் கிடையாது, சத்தமும் கிடையாது. இரண்டே முக்கால் மீட்டர் நீளம்கூட இல்லாத அந்த உருவத்தைக் கண்டு தெருப்பிள்ளைகள் சிரித்ததுண்டு. முன்னிருக்கைகளின் அடியில் ஆறு வோல்ட் பாட்டரிகள் எட்டு. வரிசையாக இணைத்தால் நாற்பத்தெட்டு வோல்ட். அவை ஈயமும் அமிலமும் கொண்டவை. காய்ச்சி வடித்த நீரை அவற்றுக்கு அவ்வப்போது ஊட்ட வேண்டும். ஞாயிறுதோறும் காலையில் காப்பி குடித்த கையோடு புனலும் கையுமாகத் தகப்பனார் அந்தக் கைங்கரியத்தைச் செய்வார். அதில் வேறொருவர் தலையிட அவர் இடம் கொடுத்ததில்லை.

மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பாட்டரிகளை மாற்றுவது வழக்கமாக இருந்தது. 2023-இல் மீண்டும் அந்த வேளை வந்தபோதுதான் வீட்டில் விவாதம் மூண்டது. அதற்கு முந்திய ஆண்டு தாயாருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. வாரம் இருமுறை உடற்பயிற்சிச் சிகிச்சைக்குப் போய்வர வேண்டும். ஆட்டோவில் ஏறி இறங்குவது அவருக்குப் பெரும்பாடு. இந்த வண்டியின் இருக்கை உயரமோ, அளந்து வைத்தாற்போல் அவருக்குப் பொருந்தியிருந்தது. ஆனால் மருத்துவமனைக்குச் செல்லும் வழியில் ஒரு மேடு உண்டு. அங்கே வண்டி மூச்சு வாங்கிற்று. ஒருநாள் நடுமேட்டில் நின்றேவிட்டது. பின்னால் வந்த பேருந்துக்காரர் ஒலிப்பானை அமுக்கியபடி நிற்க, தாயார் கதவைத் திறந்து இறங்க முயன்றதைத் தகப்பனார் வீட்டுக்கு வந்து சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. “வண்டியைக் கொடுத்துவிடலாம்” என்று அவரே சொன்னார். அப்படி அவர் சொல்லக் கேட்டது அதுவே முதல் தடவை.

எங்கள் தமக்கை மகன் பொறியியல் படிப்பவன். அவன் ஒரே வரியில் தீர்ப்புக் கூறினான்: “மாமா, எழுபத்திரண்டு வோல்ட்டாக ஏற்றிவிடுங்கள், வண்டி பறக்கும்.” வோல்ட்டை ஏற்றிப் பார்ப்பது புதிய யோசனையும் அன்று. அமெரிக்காவில் 1974-இல் வெளிவந்த ‘சிட்டிகார்’ என்ற குட்டி மின்வண்டி முதலில் முப்பத்தாறு வோல்ட்டில்தான் ஓடிற்று. அதைச் செய்தவர்களே பிறகு நாற்பத்தெட்டாக உயர்த்தினார்கள்.

வண்டியைப் பல காலமாகப் பார்த்துவரும் மெக்கானிக் ஆம்பூர்க்காரர். சிவாஜிநகரில் முப்பது ஆண்டுகளாகத் தொழில் செய்பவர். அவர் வாதம் செய்யவில்லை. ஒரு வோல்ட்மீட்டரைப் பாட்டரி முனைகளில் பொருத்தி எங்களிடம் கொடுத்து, “ஐயா ஓட்டட்டும், மேட்டில் என்ன காட்டுகிறது என்று மட்டும் பாருங்கள்” என்றார். வண்டி நின்றிருந்தபோது முள் ஐம்பதைத் தாண்டி இருந்தது. மேட்டில் ஏறும்போது இருநூறு ஆம்பியர் ஓடிற்று. முள் நாற்பதுக்குச் சரிந்தது. நாற்பத்தெட்டு என்று பேர் பெற்ற வண்டி, வேண்டிய சமயத்தில் நாற்பது வண்டியாகிவிட்டது!

இதை நம் இல்லத்தரசியர் எளிதில் அறிவர். மாடித்தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும். ஒரு குழாயைத் திறந்தால் சீறி வரும். காலையில் எல்லாக் குழாய்களையும் ஒருங்கே திறந்தால், துருவேறிச் சுருங்கிய குழாயாக இருப்பின், நூலிழையாகத்தான் விழும். தொட்டியின் உயரத்தில் குறைவில்லை. வழியில் இருக்கும் தடையே குற்றவாளி. பழைய பாட்டரிக்குள்ளும் அத்தகைய தடை வளர்ந்துவிடுகிறது. பத்து வோல்ட் சரிவை இருநூறு ஆம்பியரால் பெருக்கினால் இரண்டாயிரம் வாட். இரண்டு இஸ்திரிப் பெட்டிகளின் சூட்டை இருக்கைக்கு அடியில் வீணாக்கிக்கொண்டே வண்டி மேடேறியிருக்கிறது! போதாக்குறைக்கு, ஈயப் பாட்டரியிலிருந்து விரைந்து எடுக்க எடுக்க அது தரும் மொத்த அளவே குறையும். பாய்க்கர்ட் என்ற ஜெர்மானியர் 1897-இலேயே இதைக் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்.

அப்படியானால் எழுபத்திரண்டு வோல்ட் என்ன செய்திருக்கும்? மோட்டாரின் சுழற்சி வேகம் வோல்ட்டைப் பொறுத்தது. இழுக்கும் வலிமை ஆம்பியரைப் பொறுத்தது. மேட்டில் தவித்த வண்டிக்கு வேண்டியிருந்தது வலிமை. ஒன்றரை மடங்கு வோல்ட் கொடுத்தால் மணிக்கு அறுபத்தைந்து கிலோமீட்டர் ஓடும் வண்டி, சமதரையில் தொண்ணூறுக்கு மேல் ஓடப் பார்க்கும். வேகம் ஒன்றரை மடங்கானால், நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்காகும். அந்தப் பிரேக்குகளோ அறுபத்தைந்துக்கென்று அமைந்தவை. அன்றியும் நாற்பத்தெட்டுக்கென்று செய்த கட்டுப்பாட்டுப் பெட்டி, சார்ஜர், விளக்குகளுக்குப் பன்னிரண்டு வோல்ட் தரும் மாற்றி, மின்னோட்டத்தைத் துண்டிக்கும் கான்டாக்டர் ஆகிய யாவற்றையும் மாற்றியாக வேண்டும். நேர்மின்னோட்டத்தைத் துண்டிக்கும்போது பொறி எளிதில் அணையாது; வோல்ட் கூடக்கூட அது நீளும். வீட்டுச் சுவிட்சை அங்கே வைக்க முடியாது. வண்டிகளுக்கான பாதுகாப்பு விதிகளும் நேர்மின்னோட்டத்தில் அறுபது வோல்ட் வரையில் ஒருவிதமாகவும், அதற்குமேல் வேறுவிதமாகவும் கருதுகின்றன. தமக்கை மகன் இவற்றையெல்லாம் தானே தாளில் எழுதிக் கணக்கிட்டான். பிறகு அவன் எழுபத்திரண்டைப் பற்றிப் பேசவில்லை. படித்த பிள்ளை, கணக்கின் முன் பிடிவாதம் காட்டவில்லை.

ஈய எட்டுக்குப் பதிலாக லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் பதினாறு என்று முடிவாயிற்று. செல் ஒன்றுக்கு 3.2 வோல்ட், பதினாறும் சேர்ந்து 51.2. நிறையச் சார்ஜ் ஏறினாலும் 58.4-ஐத் தாண்டாது. பழைய ஈயப் பாட்டரிகள் சார்ஜ் ஏறும்போது தொட்ட உயரமும் ஏறத்தாழ அதுவே. ஆகவே கட்டுப்பாட்டுப் பெட்டியை மாற்ற வேண்டியதில்லை. பேரளவில் ஏற்றியது மூன்று வோல்ட்டுதான்.

இதற்குத் தாயார் எளிதில் இசையவில்லை. 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்துத் தந்தையும் மகளும் மாண்ட செய்தியை அவர் மறக்கவில்லை. அந்த அச்சத்தை வீண் அச்சம் என்று நாங்கள் தள்ளவில்லை. லித்தியம் என்ற ஒரே பெயருக்குள் பல வகைகள் உண்டு. இரும்பு பாஸ்பேட் வகை வெப்பத்தை மற்றவற்றைவிட அதிகம் தாங்கும். ஆயினும் தாங்கும் என்பதற்காக அசட்டையாக இருக்கலாகாது. ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் வெப்பத்தையும் கவனித்து, எல்லை மீறினால் துண்டிக்கும் காவல் கருவியைச் சேர்த்தோம். பாட்டரிக்கு அருகிலேயே தக்க ஃபியூஸ் வைத்தோம். ஈயத்துக்கான பழைய சார்ஜரைக் கழற்றிவிட்டு லித்தியத்துக்கானதை வாங்கினோம். எல்லாரும் உறங்கும் நேரத்தில் சார்ஜ் போடுவதில்லை என்பது தாயாரின் நிபந்தனை; அது இன்றளவும் நடப்பில் இருக்கிறது.

நிற்க. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. ஆகவே போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டு, பதில் வந்த பின்னரே கருவிகளைத் தொட்டோம். பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் இதைத் தவறாமல் செய்ய வேண்டுகிறோம்.

வேலை இரண்டு நாளில் முடிந்தது. ஆம்பூர்க்காரர் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டு, ஸ்பானர்களின் கைப்பிடிகளில் டேப்பைச் சுற்றிக்கொண்டபின்தான் குனிந்தார். ஒவ்வொன்றும் முப்பது கிலோ கனமுள்ள பழைய பாட்டரிகளை இருவர் பிடித்துத் தூக்கினார்கள். புதியவை மொத்தமும் எண்பது கிலோவுக்குள் அடங்கின. நூற்றைம்பது கிலோவுக்கு மேல் சுமை குறைந்ததும், குட்டி வண்டி முதுகை நிமிர்த்தியதுபோல ஸ்பிரிங்குகளின்மீது உயர்ந்து நின்றது. அதனால் சக்கரங்களின் சீரமைப்பை மறுபடியும் பார்க்க வேண்டியதாயிற்று. இதை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை.

பிறகு மேட்டுக்குப் போனோம். தகப்பனார் ஓட்டினார், வோல்ட்மீட்டர் எங்கள் மடியில் இருந்தது. அதே இருநூறு ஆம்பியர். முள் நாற்பத்தொன்பதுக்குக் கீழே இறங்கவில்லை. நாற்பதுக்கும் நாற்பத்தொன்பதுக்கும் உள்ள ஒன்பது வோல்ட்டும் மோட்டாருக்குப் போய்ச் சேர்ந்தது. சுமையும் குறைந்திருந்தமையால் வண்டி மேட்டின் உச்சியைத் தயங்காமல் கடந்தது. தகப்பனார் ஒன்றும் பேசவில்லை. அடுத்த திருப்பத்தில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, மறுபடியும் ஒருமுறை ஏறிப் பார்த்தார்.

இரண்டொரு செய்திகளை மட்டும் இவ்வழியில் செல்ல விரும்புவோர்க்காகச் சொல்லிவைக்கிறோம். இந்த வண்டி பிரேக் போடும்போது மின்சாரத்தைப் பாட்டரிக்குத் திருப்பி அனுப்பும். பாட்டரி முழுதும் நிறைந்த நிலையில் இறக்கத்தில் இறங்கினால் அந்த மின்சாரம் போக இடமில்லாமல், காவல் கருவி திடீரென்று துண்டித்துவிடக்கூடும். ஆகவே தொண்ணூறு விழுக்காட்டோடு சார்ஜை நிறுத்துகிறோம். மேலும், பழைய அளவுகாட்டி ஈயத்தின் குணத்தை அறிந்ததே அன்றி லித்தியத்தின் குணத்தை அறியாது. இந்தச் செல்களின் வோல்ட் கடைசிவரையில் அதிகம் மாறாமலிருந்து, பிறகு சட்டென்று விழும். அதனால் பாதி தீர்ந்த பின்னும் ‘நிறைந்திருக்கிறது’ என்றே அந்த முள் சாதிக்கிறது. தகப்பனார் இப்போது அதைப் பார்ப்பதே இல்லை. ஓடிய தூரத்தை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு, கூட்டிக் கழித்துச் சார்ஜ் போடுகிறார். ஞாயிற்றுக்கிழமைப் புனலுக்கு வேலை போய்விட்டதில் அவருக்குச் சிறிது மனக்குறை இருந்தது. அந்த இடத்தை இந்த நோட்டுப் புத்தகம் பிடித்துக்கொண்டது. அதையும் வேறொருவர் தொட அவர் விடுவதில்லை. பழைய எட்டுப் பாட்டரிகளையும் கடைக்காரர் ஈயத்தின் எடைக்கு விலை போட்டு எடுத்துக்கொண்டார். செவ்வாயும் வெள்ளியும் தாயார் சிகிச்சைக்குப் போய்வருகிறார். வண்டி அறுபதுக்கு மேல் ஓடுவதில்லை. ஓட்ட வேண்டிய தேவையும் எங்களுக்கு வரவில்லை.