அறுபத்தாறு வயதில் ஒரு மாணவர்

ஐம்பதைக் கடந்தவன் கொள்கை கல்லில் பொறித்த எழுத்து, இனி அது மாறாது என்பார்கள். ஐம்பதைக் கடந்துவிட்ட என்னை அச்சொல் உறுத்தியதுண்டு. அதற்கு மறுமொழியாக நான் கண்டது, அமெரிக்க நீதிபதி ஜே. வெய்ட்டீஸ் வேரிங் அவர்களின் வாழ்க்கை.

1880ஆம் ஆண்டு, தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகரில், பல தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த வெள்ளையர் குடும்பத்தில் அவர் பிறந்தார். வழக்கறிஞராய், நகரப் பெரியோருள் ஒருவராய் அறுபது வயதைக் கடந்தார். 1942இல் மத்திய அரசின் மாவட்ட நீதிபதியானார். சாட்சிகளை நேரில் விசாரிக்கும் நீதிமன்றம் அது, ஆயுட்காலப் பதவியும்கூட. கறுப்பின மக்களுக்குத் தனிப் பள்ளி, தனி இருக்கை என்றிருந்த முறையை ஊர் வழக்கமென்றே அவரும் ஏற்று வாழ்ந்திருந்தார்.

1946 பிப்ரவரியில் ஐசக் உட்டர்ட் என்னும் கறுப்பினப் படைவீரர், பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட அன்றே சீருடையோடு பேருந்தில் இல்லம் திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் பேட்ஸ்பர்க் ஊரின் காவல்துறைத் தலைவர் தாக்கியதில் இரு கண்களின் ஒளியையும் இழந்தார். நவம்பரில் அவ்வழக்கு வேரிங் முன் வந்தது. வெள்ளையர் மட்டுமே அமர்ந்திருந்த ஜூரி, அரை மணி நேரத்திற்குள் அவ்வதிகாரி குற்றமற்றவர் என்றது. அம்முடிவை மாற்ற நீதிபதிக்கு அதிகாரமில்லை. அவருடைய மனைவி எலிசபெத் கண்ணீரோடு வெளியேறினார். அதன்பின் இருவரும் இனப் பாகுபாடு பற்றிய நூல்களைத் தேடிப் படிக்கலாயினர்.

அடுத்த ஆண்டு, ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில் கறுப்பினத்தவருக்கும் வாக்குரிமை உண்டென அவர் தீர்ப்பளித்தார். அக்கட்சியின் வேட்பாளரே அந்நாளில் அங்கு வெல்வாராதலின், வாக்கின் உயிர் அத்தேர்தலில்தான் இருந்தது. ஊரார் அவரை ஒதுக்கினர். 1950இல் அவர் வீட்டின்மீது கல்லெறிந்தனர்.

கிளாரண்டன் வட்டாரப் பள்ளிகள் பற்றிய வழக்கு, 1951இல் மூன்று நீதிபதிகள் முன் வந்தது. அங்கே வெள்ளைப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பேருந்து உண்டு. கறுப்பினப் பிள்ளைகளுக்கு இல்லை. வசதிகளைச் சமமாக்கினால் போதும், பிரிவு நீடிக்கலாம் என்றனர் மற்ற இருவர். பிரித்து வைப்பதே சமமின்மை என்று வேரிங் ஒருவரே மாறுபட்டு எழுதினார்.

நீதியைக் குறிக்கும் 'அத்ல்' என்னும் அரபுச் சொல்லின் வேரிலிருந்தே 'இத்ல்' என்ற சொல்லும் பிறந்தது. ஒட்டகத்தின் ஒரு பக்கத்துச் சுமை என்று அதற்கு மாணவர்களிடம் பொருள் சொல்வேன். இரு பக்கச் சுமையும் ஒத்திருந்தால் ஒட்டகம் தளராது நடக்கும். அவ்விரு நீதிபதிகளும் மூட்டைகளின் எடையைச் சரிபார்த்தனர். வேரிங்கோ, பிள்ளைகள் மூட்டைகள் அல்லர் என்று கண்டார்.

1952இல் ஓய்வுபெற்று நியூயார்க் நகரில் குடியேறினார். 1954இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாதென்றனர். 1968இல் மறைந்த வேரிங், சார்ல்ஸ்டன் மண்ணிலேயே அடக்கமானார். 2015இல் அந்நகர நீதிமன்றக் கட்டடத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

ஆயினும் என் மனம் நிற்பது அப்பெயர்ப் பலகையில் அன்று. தம்மால் மாற்ற முடியாத ஒரு முடிவைக் கேட்டபின், அறுபத்தாறு வயதில் அவர் மாணவராகி நூலை விரித்தாரே, அவ்விடத்தில்தான். நம் இல்லங்களில் முதியோர் சொல்லே முடிந்த முடிவு. அம்முதியோர் கையில் புதிய நூலொன்றைக் கொடுக்கும் துணிவு இளையோருக்கு வேண்டும். அதனை வாங்கிப் படிக்கும் பணிவு, என் போன்றோருக்கும் வேண்டும்.