கர்ப்பக்கிருஹம் இல்லாத கோயில்

கோயிலுக்குள் புகுந்ததும் கர்ப்பக்கிருஹம் எங்கே என்று கண் தேடுவது நமது வழக்கம். ஜப்பானில் நாரா நகருக்குத் தெற்கே, மிவா மலையடிவாரத்திலுள்ள ஓமிவா ஆலயத்தில் அந்தத் தேட்டம் பலிக்காது. அங்கே கர்ப்பக்கிருஹமே கிடையாது. 467 மீட்டர் உயரமுள்ள அம்மலையே தெய்வத்தின் இருப்பிடம்.

1664-ஆம் வருஷத்தில் ஷோகன் இயெட்சுனா கட்டுவித்த தொழுகை மண்டபத்தின் முன் நின்றேன். அதற்குப் பின்னால் மூன்று தோரணங்கள் ஒன்றாய் இணைந்த ஒரு வாயில், அதற்கப்பால் காடு. ஜனங்கள் இருமுறை தலை வணங்கி, இருமுறை கை தட்டி, மறுபடி ஒருமுறை வணங்கிச் செல்கிறார்கள்.

712-ல் தொகுக்கப்பட்ட 'கோஜிகி' என்னும் நூல் ஒரு கதை சொல்கிறது. இரவுதோறும் ஒரு கன்னிகையிடம் அழகிய வாலிபன் ஒருவன் வந்து போனான். அவன் யாரென்று அறிய, பெற்றோர் சொற்படி அவன் ஆடை ஓரத்தில் ஊசியால் நூலைக் கோத்துவிட்டாள். விடிந்து பார்த்தால், நூல் கதவின் துவாரம் வழியே வெளியேறி, மூன்று சுற்றுக்களே மிஞ்சியிருந்தன! அதைத் தொடர்ந்து சென்றவர்கள் இந்த மலையை அடைந்தார்கள். 'மிவா' என்றால் மூன்று வளையம் என்கிறது கதை.

அத்தெய்வத்துக்குப் பாம்பு வடிவமும் உண்டு. முற்றத்திலுள்ள முதிய மரத்தடியில் முட்டையும் ஸாக்கே என்னும் அரிசி மதுவும் படைக்கிறார்கள். மதுவிலக்குப் பிரியர்கள் பொறுத்தருள வேண்டும். இவர் மது வடிப்போரின் தெய்வமுமாவார்.

1868-க்குப் பிறகு அரசாங்கம் ஆலயங்களைத் தன் கைக்குள் கொண்டுவந்து வரிசைப்படுத்தியது. மிவாவுக்குக் கிடைத்தது முதல் வரிசை. பக்தி ராஜாங்கத்தின் கருவியாயிற்று. யுத்தத்துக்கும் அது துணைபோயிற்று. 1945 டிசம்பரில் நேசநாட்டுப் படைத் தலைமையின் உத்தரவால் அந்தப் பிணைப்பு அறுந்தது. மலை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

மலையேற, பக்கத்திலுள்ள ஸாய் ஆலயத்தில் பெயரைப் பதிந்து, வெள்ளைப் பட்டியொன்றைக் கழுத்தில் அணிய வேண்டும். உணவு கூடாது, படம் பிடிக்கவும் கூடாது. சிகரத்தின் படம் வேண்டுமென்று வீட்டில் எல்லோரும் சொல்லியனுப்பியிருந்தார்கள். காமிராவைப் பைக்குள் வைத்தேன். மனம் சற்றுக் குறுகுறுத்தது உண்மை. எனக்கு முன்னே ஒரு மூதாட்டி வெறுங்காலுடன், ஒவ்வொரு வேரையும் பார்த்துப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தாள். மேலே கண்டதை நான் எழுதப் போவதில்லை. படத்துக்கு ஆகாததை எழுத்தில் கடத்திக் கொண்டு வருவது நியாயமன்று.

இறங்கியதும் பட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். நல்ல பசி. மிவா ஊர் நூல்போல் மெல்லிய கோதுமைச் சேமியாவுக்குப் பேர்போனது.