தாண்டிப் போயிருக்க வேண்டிய ஐந்து வருஷம்

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் வாசகர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் 'எ ஃபீஸ்ட் ஃபார் குரோஸ்' பெயரை எடுத்தால் இன்றைக்கும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். அவருடைய நீண்ட கற்பனைக் கதை வரிசையில் அது நான்காவது புத்தகம். மூன்றாவது 2000இல் வந்தது, இது 2005இல். அத்தனை வருஷம் காத்திருந்து ஆசையோடு பிரித்தவர்களுக்குப் பிரியமான பாத்திரங்களான டிரியனும் இல்லை, டெனேரிஸும் இல்லை. ஜான் ஸ்னோ இன்னொருவன் அத்தியாயத்தில் தலைகாட்டிவிட்டுப் போய்விடுகிறான். எழுதியது ஒரே புத்தகத்தில் அடங்காமல் பெருத்துவிட்டதால், கதையைக் காலவாரியாக வெட்டாமல் ஆட்கள்வாரியாக வெட்டிவிட்டார் மார்ட்டின். மற்றவர்கள் அடுத்த பாகத்தில் விரைவில் வருவார்கள் என்று கடைசியில் ஒரு குறிப்பும் போட்டார். அந்தப் பாகம் 2011இல்தான் வந்தது. கோபம் வந்ததில் நியாயம் இருக்கிறது. பிரியமானவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று தெரியாமல் ஆறு வருஷம் இருப்பது லேசான காரியமா?

ஆனாலும் நான் இந்தப் புத்தகத்தின் கட்சி. மூன்றாவது பாகம் முடிந்ததும் கதையை ஐந்து வருஷம் முன்னே நகர்த்திவிடுவதுதான் மார்ட்டினின் முதல் திட்டம். சிறுவர்களெல்லாம் வளர்ந்துவிடுவார்கள், டிராகன்களும் பெரிதாகிவிடும். அப்படியே எழுதியும் பார்த்தார். நடுவில் நடந்ததையெல்லாம் பின்கதையாகவே சொல்ல வேண்டியிருந்தது. சரிப்படாமல் கைவிட்டார். தாண்டியிருந்தால் நமக்கு மெரிபால்ட் கிடைத்திருக்க மாட்டார்.

காணாமல் போன பெண் சான்சாவைத் தேடி அலையும் வீராங்கனை பிரியனுக்கு வழியில் சேரும் துணை அவர். வெறுங்காலோடு ஊர் ஊராக நடக்கிற ஏழை மதகுரு. எழுதப் படிக்கத் தெரியாது, பிரார்த்தனைகளெல்லாம் மனப்பாடம். ஒரு கழுதை மேல் உணவு மூட்டைகள். கூடவே ஒரு பெரிய நாய், அதற்கு நாய் என்றே பெயர். போர் தின்றுபோட்ட நாட்டில், எரிந்த ஊர்களையும் தொங்கும் பிணங்களையும் கடந்து நடக்கிறார்கள். படையிலிருந்து சிதறித் திரிகிறவர்களைப் பற்றிப் பேச்சு வருகிறது. அவர்களைக் கண்டால் பயப்படத்தான் வேண்டும், ஆனால் இரக்கமும் வேண்டும் என்கிறார் மெரிபால்ட். பிறகு நிதானமாகச் சொல்லத் தொடங்குகிறார்: பிறந்த ஊரை விட்டு ஒரு மைல் தூரம் போகாதவன் பிரபுவின் கொடிக்குக் கீழே உற்சாகமாகக் கிளம்புகிறான். செத்தவன் காலிலிருந்து செருப்பைக் கழற்றிப் போட்டுக்கொள்ளப் பழகுகிறான். உடன்பிறந்தவர்கள் சாவதைப் பார்க்கிறான். ஏதோ ஒரு நாள் உள்ளே ஏதோ முறிந்துவிடுகிறது. எங்கே இருக்கிறோம், வீட்டுக்கு எந்த வழி என்று தெரியாத மிருகமாகிறான். கேட்டுக்கொண்டிருந்த வீரன் ஒருவன் கடைசியில் அவரிடம் வயதைக் கேட்கிறான்: போருக்குப் போனபோது என்ன வயது? பிரியனோடு கூட வரும் சிறுவன் போட்ரிக்கின் வயதுதான். அண்ணன்மாரோடு போனவர். அவர்களில் ஒருவன் ஆயுதமென்று அடுப்படிக் கத்தியைத் திருடிக்கொண்டு வந்திருந்தான்.

இந்தப் பேச்சால் கதை ஓர் அடிகூட நகரவில்லை. எந்த அரசனும் விழவில்லை, எந்த ரகசியமும் உடையவில்லை. ஆனால் முதல் மூன்று பாகங்களில் கொடிகளையும் குதிரைகளையும் ரசித்துப் படித்தோமே, அப்போது நம் கண்ணில் படாமல் செத்தவர்கள் யாரென்று இங்கேதான் தெரிகிறது. மார்ட்டின் வியட்நாம் போரில் ஆயுதமேந்த மனசாட்சிப்படி மறுத்தவர்; அதற்குப் பதிலாக சிகாகோவில் சமூகப் பணி செய்தார். அந்த மனிதர் இந்தப் பக்கங்களில் முழுசாக இருக்கிறார்.

நம் மகாபாரதமும் துரியோதனன் விழுந்ததோடு முடிந்துவிடவில்லை. பதினெட்டு பர்வங்களில் பதினொன்றாவது ஸ்திரீ பர்வம். காந்தாரி களத்தில் நின்று ஒவ்வொரு உடலாக அடையாளம் காட்டி அழுகிறாள். அதையும் கதை நகரவில்லை என்று தள்ளிவிட்டுப் படிக்கிறவர்கள் உண்டு. போரைத் தொடங்கிவைத்த கவிக்கு அந்தப் பெண்கள் அழுது முடிக்கும்வரை நிற்கும் கடமை இருந்தது, நின்றான்.

இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு வாசகர்களே ஒரு வழி செய்து வைத்திருக்கிறார்கள். நான்காவது, ஐந்தாவது புத்தகங்களின் அத்தியாயங்களைக் கலந்து காலவரிசையில் படிக்க ஒரு பட்டியல். அதன்படி படித்தால் டிரியனைப் பிரிந்திருக்க வேண்டியதில்லை. எனக்கு அதில் சம்மதமில்லை. மெரிபால்டின் பேச்சு முடிந்த கையோடு டெனேரிஸின் டிராகனிடம் ஓடிவிட்டால் அந்தப் பேச்சு மனசில் தங்க இடமில்லாமல் போகும். முதல் தடவையாவது நான்காவது புத்தகத்தைத் தனியாகவே படியுங்கள். இன்றைக்கு ஆறு வருஷம் காத்திருக்க வேண்டியதும் இல்லை.