பிழையும் பழியும்

சென்னையின் தென்பகுதியில், திருவான்மியூரை அடுத்துக் கடலோரமாக அமைந்தது கொட்டிவாக்கம். 2011-இல் மாநகராட்சியோடு இணைந்த இவ்வூரில் கல்லூரி மாணவன் ஒருவன் இரவில் அமர்ந்து சி மொழி பயில்கின்றான் என்க. 1972-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி என்பார் ஆக்கிய மொழி அது. அதில் எழுதியதைக் கணிப்பொறிக்கு விளங்கும் ஆணைகளாக மாற்றித் தருவது கம்பைலர் என்னும் நிரல்பெயர்ப்பி.

மூன்றாம் வரியில் ‘ரிட்டர்ன் 42’ என எழுதியவன், ஈற்றில் இடவேண்டிய அரைப்புள்ளியை மறந்துவிட்டான். நான்காம் வரியில் இருப்பது அடைப்புக்குறி ஒன்றே. அவனிடமுள்ள பழைய பெயர்ப்பியோ, ‘நான்காம் வரியில் பிழை’ என்கின்றது! குற்றமற்ற அக்குறியை அவன் அழிக்கின்றான். உடனே கோப்பின் இறுதியிலும் பிழை முளைக்கின்றது. காலையில் ஒப்படைக்கவேண்டிய பயிற்சி அப்படியே கிடக்கின்றது.

பெயர்ப்பி பொய்யுரைக்கவில்லை. சி மொழியில் வரி முடிவதனால் வாக்கியம் முடிவதில்லை. அடுத்த வரியிலும் அது தொடரலாம். ஆகவே அடைப்புக்குறியைக் கண்ட பின்னரே ஏதோ விடுபட்டதென அஃது உணர்கின்றது. அது காட்டுவது தான் திகைத்து நின்ற இடத்தை; பிழை பிறந்த இடத்தை அன்று. மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாத பழஞ்சுவடிகளைப் படித்தோர்க்கு இத்திகைப்புப் புதிதன்று. ஒரு கோப்பின் ஈற்றில் அரைப்புள்ளி விடுபட, அதனை அடுத்துப் படிக்கப்படும் வேறொரு கோப்பின்மேல் பழி விழுவதும் உண்டு.

2018-இல் வெளிவந்த ஜிசிசி எட்டாம் பதிப்பு, இத்தகைய இடத்தில் மூன்றாம் வரியின் ஈற்றையே சுட்டி, அங்கே அரைப்புள்ளி வேண்டுமெனக் காட்டுகின்றது. எல்லாப் பிழைக்கும் அத்தெளிவு இன்னும் கிட்டவில்லை. ஆதலின், கைதேர்ந்தோர் முதற்செய்தியை மட்டும் கொண்டு, சுட்டிய வரிக்கு மேலுள்ள வரியையும் படிக்கின்றனர். அதனைத் திருத்தியதும் எஞ்சியவற்றுள் பல தாமே மறைகின்றன.